குளக்கட்டில் சத்தம் போடாத அப்பா

எங்கள் அப்பா தென்மராட்சியில், பெரியகுளத்தின் கரையில் பிறந்தார். குளத்து மீனும் கட்டோரத் தோட்டமும்தான் அவருக்குச் சீவியம். யுத்தத்தில் பல தடவை இடம்பெயர்ந்து, அதே கரைக்குத் திரும்பியவர். எழுத்துப் படிக்க அவருக்கு வாய்க்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதை என்னைவிட அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

மாரியில் தூர தேசங்களிலிருந்து தாராப் பறவைகள் வந்து குளத்தை நிறைத்துவிடும். அந்த மாதங்களில் என்னைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும்போது, குளக்கட்டில் அப்பா இறங்கிச் சைக்கிளை உருட்டுவார். ஓடினால் மட்காட் கடகடக்கும், தாராக்கள் வெருளும். எத்தனையோ நாள் பள்ளிக்குப் பிந்திப் போயிருக்கிறேன்.

எங்கள் ஊரில் வெடி கொளுத்தித்தான் பிரேதத்தைக் கொண்டுபோவார்கள். சுடலைக்குப் பாதையும் குளக்கட்டுத்தான். மாரியில் செத்தவீடு என்றால் அப்பா முதல் ஆளாகப் போய்ப் பந்தல் போட்டுக் கொடுத்துவிட்டு, வெடி வேண்டாம் என்று கெஞ்சுவார். சிலர் கேட்டார்கள். பலர் சிரித்தார்கள். அம்மாவின் தகப்பனார் காலமானபோது மாமாவிடமும் கேட்டார்.

"சத்தமில்லாமல் கொண்டுபோக என்ரை ஐயா என்ன அநாதையே, அத்தான்? உங்கடை செத்தவீட்டுக்கும் நான் வெடியோடைதான் வருவன், பாருங்கோ," என்றார் மாமா.

"வெடிக்குப் பயந்து ஓடின சனமடாப்பா நாங்கள். உதுகளையும் ஏன் கலைப்பான்?" என்றார் அப்பா.

மாமா கொளுத்தினார். எழுந்துபோன தாராக்கள் அந்த மாரி முழுதும் திரும்பவில்லை. அப்பா மாமாவோடு கோபிக்கவுமில்லை.

இந்த மாரியில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில், "தாரா வந்திட்டுதோ, பிள்ளை?" என்று கேட்டார். ஓம் என்றேன். "எனக்கு வெடி வேண்டாமெண்டு மாமாட்டைச் சொல்லு."

சொன்னேன். மாமாவோ அப்பாவின் செத்தவீட்டன்று வெடிப் பையோடு வந்தார்.

பெண்கள் நாங்கள் சுடலைக்குப் போவதில்லை. அப்பாவைத் தூக்கிச் சென்றபின் வாசல் படலையில் நின்று குளத்துப் பக்கத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குளக்கட்டில் ஏறியதும் பறைமேளம் நின்றது. அம்மாவும் அழுகையை அடக்கிக் காது கொடுத்தார். ஒரு சத்தமும் வரவில்லை. வானத்தில் ஒரு பறவையும் எழவில்லை.

திரும்பி வந்த மாமா கிணற்றடியில் பையை என்னிடம் நீட்டினார். "கொண்டுவருவன் எண்டு அத்தானுக்குச் சொன்னனான், கொண்டுவந்தன். கொளுத்த மனம் வரேல்லை."

ஆஸ்பத்திரியில் அப்பாவுடன் மாறிமாறி நின்றவர்களுக்கும், எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், தூரம் பாராமல் வந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. அப்பாவைச் சுமந்து குளக்கட்டில் பேசாமல் நடந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று, இவ்வளவு படித்தும் எனக்குத் தெரியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நீங்கள் வந்திருக்கும் இன்றும் தாராக்கள் குளத்தில்தான் இருக்கின்றன. வீடு திரும்பும்போது, குளக்கட்டில் கொஞ்சம் மெல்லப் போங்கள்.