சிரப் போத்தலில் ரேடியேட்டர் தண்ணீர்

தைப்பூசத்துக்கு முதல் நாள், எங்கள் வேனின் ரேடியேட்டரில் இருந்த பழைய கூலண்டை என் கணவர் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றினார். சிம்பாங் பூலாயிலிருந்து ஈப்போ கோயிலுக்குத் தண்ணீர்ப் பந்தல் சாமான்கள் அந்த வேனில்தான் போகும். பழைய கூலண்ட், பந்தலில் தண்ணீரில் கலக்கும் ரோஸ் சிரப் மாதிரியே நல்ல சிவப்பு. கால்வாயில் ஊற்றினால் பக்கத்து வீட்டு நாய் குடித்துச் செத்துவிடுமாம். அதனால் காலி சிரப் போத்தலில் பிடித்து, மூடி, வேனுக்குள்ளேயே வைத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் பந்தலில் நான்தான் சிரப் கலக்கினேன். நல்ல வெயில். காவடியோடு வந்த பிள்ளைகள் கப்பை நீட்டிக்கொண்டு நின்றார்கள். புது டிரம் தண்ணீரில், வேனிலிருந்து எடுத்த ஒரு போத்தலைக் கவிழ்த்தேன். சிரப் என்றால் கெட்டியாக இறங்கும். இது தண்ணியாகக் கொட்டியது. முகர்ந்தேன். துரு வாடை. டிரம்மை அப்படியே ஓரமாகச் சாய்த்துவிட்டேன்.

"ஏன்க்கா கொட்டுறீங்க?" என்று பந்தல்காரர்கள் ஓடி வந்தார்கள். போத்தலில் இருந்தது சிரப் இல்லை என்று சொன்னேன்.

"அது நேத்து இறக்குன கூலண்ட். யாரும் குடிக்கலதானே லா? சும்மா பெருசு பண்ணாத," என்றார் என் கணவர். சாமி காரியத்தில் அபசகுனமாகப் பேசாதே என்று மற்றவர்களும் எனக்குத்தான் புத்தி சொன்னார்கள்.

இப்போது வீட்டில் காலியாகும் போத்தல்களை அடியில் ஓட்டை போட்டுத்தான் குப்பையில் போடுகிறேன். பந்தலில் எதையும் முகராமல் கலக்குவதில்லை. அதைப் பார்த்து அவர் இன்னும் சிரிக்கிறார்.

பக்கத்து வீட்டு நாய் நன்றாக இருக்கிறது.