மார்செலின் ஜெபமாலை

என் அக்கா எலிஸபெத்தின் கணவர் மார்செலை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, 1954இல் பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர். குழம்பு ஆறியிருந்தால் தட்டு பறக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே கை நீளும். ஒருமுறை தட்டிக் கேட்கப் போய் நானும் மூக்கில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

1956இல், பெரிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின வாரம், அக்காவின் கன்னம் வீங்கிப்போனது. ஒரு வயது மகள் பொலெத் அதைத் தொட்டுப் பார்த்து அழுதாள். அது மனுஷனை உலுக்கிவிட்டது. நேராக மாதா கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். பாவத்துக்குப் பரிகாரமாகச் சாமியார் கொடுத்த அபராதத்தை அவரே வந்து சொன்னார். கோபம் வந்தால் கையை ஓங்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. ஜெபமாலையை எடுத்து, ஒவ்வொரு மணியாக உருட்டி, மாதாவுக்கான பிரியதத்த மந்திரத்தை மனசுக்குள் பத்துத் தடவை சொல்லி முடிக்க வேண்டும்.

ராணுவத்துக்காரர் அல்லவா, உத்தரவு என்றால் உத்தரவுதான். அன்றிலிருந்து யாரையும் தொடவில்லை. தெருவே மெச்சியது. பூசைக்கு வரும் பெண்கள் தங்கள் புருஷன்மாரிடம் அவரைச் சொல்லிக் குத்திக் காட்டினார்கள். எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று.

ஆனால் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தவன் நான். பால் பொங்கி வழிந்தால் போதும், மார்செல் கால்சட்டைப் பைக்குள் கை விடுவார். கறுப்பு மணிகள் வெளியே வரும். தப்புச் செய்தவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு மணியாக நகர்த்துவார். பத்தும் முடிகிறவரை அக்கா கரண்டியோடு அப்படியே நிற்பாள். குழந்தை மூச்சுக்கூட விடாது. முடிந்ததும் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவார். அப்புறம் இரண்டு நாள் பேச்சே இருக்காது.

"அடிச்சாகூட அதோட போயிடும்டா," என்று அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னாள். நான் அதை அவர் காதில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அடிதான் நின்றுவிட்டதே, இன்னும் என்ன என்று இருந்துவிட்டேன்.

1962இல் பொலெத்துக்குப் புதுநன்மை. பாவம் இல்லாத மனசோடு பூசையில் வாங்கும் நற்கருணை அப்பத்தைத்தான் நன்மை என்போம். முதன்முதலாக நன்மை வாங்கும் பிள்ளைக்குப் பெற்றவர்கள் ஜெபமாலை கொடுப்பது எங்கள் வழக்கம். மார்செல் பிரான்சிலிருந்த சிநேகிதருக்குக் கடிதம் எழுதி, வெள்ளை மணி மாலை ஒன்று வரவழைத்தார். அலமாரியில் ஒளித்து வைத்து, அடிக்கடி எடுத்துத் துடைத்துப் பார்த்துக்கொள்வாராம்.

அன்று காலை பொலெத் வெள்ளைக் கவுனும் முக்காடுமாக, கையில் மெழுகுவர்த்தியோடு வந்து நின்றாள். மார்செல் சிரித்துக்கொண்டே பைக்குள் கை விட்டார்.

மெழுகுவர்த்தி கீழே விழுந்து உடைந்தது. பிள்ளை ஓடிப்போய் அக்காவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"நான் ஒண்ணும் பண்லப்பா! சத்தியமா ஒண்ணும் பண்லப்பா!"

"இது உனக்குத்தான் கண்ணு," என்று வெள்ளை மாலையை நீட்டினார்.

"வேணாம்ப்பா," என்றாள். இறுக மூடிய கண்ணைத் திறக்கவேயில்லை.

அவர் முகம் சிவந்தது. இன்னொரு கை பழக்கத்தில் கறுப்பு மாலையைத் தேடிப் பைக்குள் போனது. பாதியில் நின்றுவிட்டது.

கோயிலில் மற்றப் பிள்ளைகள் எல்லாருடைய கையிலும் மாலை இருந்தது. பொலெத் வெறுங்கையைக் கூப்பிக்கொண்டு பீடத்துக்குப் போனாள். பிள்ளைகளுக்குப் பின்னால் பெற்றவர்களும் நன்மை வாங்க எழுந்தார்கள். ஆறு வருடமாக ஒரு ஞாயிறுகூடத் தவறாத மார்செல், இருந்த இடத்திலேயே இருந்தார்.

"மாமா, நீங்க போகலையா?" என்று கேட்டேன்.

"அடிக்கிறத நிறுத்திட்டேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்டா," என்றார்.