சக்கரத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா தினமும் விடியுமுன் மலேசியாவின் கூலாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவார். விமானச் சக்கரங்களைச் சோதித்து, பழுதில்லை என்று கையெழுத்துப் போடுகிற வேலை.

விடுமுறையிலும் சக்கரங்கள் அவரை விடவில்லை. பழைய போர் விமானங்களின் சிறு மாதிரிகளைச் செய்வார். இறக்கைகளுக்கு ஒரு நாள் என்றால், மொச்சைக்கொட்டை அளவுச் சக்கரங்களுக்கு ஒரு வாரம். கடைசியில் டயரையும் ரிம்மையும் சேர்த்துக் குறுக்கே மெல்லிய சிவப்புக் கோடு இழுப்பார். நிஜ விமானத்தில் டயர் ரிம்மில் நழுவினால், அந்தக் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோட்டைப் போட்டுக் காய வைத்துவிட்டு அம்மாவுடன் சந்தைக்குப் போனார். கதவு சாத்தியதும் நான் விமானத்தை எடுத்து மேசைமேல் ஓட்டினேன். கையைப் பார்த்தால் பெருவிரல் சிவப்பாக இருந்தது. சக்கரத்தில் கோடு இல்லை, கறைதான் இருந்தது.

கறையைத் துடைத்தேன். அவருடைய தூரிகையாலேயே புதுக்கோடு இழுத்தேன். அவசரத்தில் டயரில் ஓரிடம், ரிம்மில் வேறிடம் என்று அது விலகி நின்றது. திருத்துவதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். அறைக்குள் ஓடி, பாடப்புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வார்த்தைகள் எதுவும் கண்ணில் ஏறவில்லை.

பிறகு அப்பா கூப்பிட்டார். விமானம் அவர் உள்ளங்கையில் இருந்தது.

"இத நீ தொட்டியாம்மா?"

"இல்லப்பா. நீங்க வச்சது வச்சபடியேதான் இருக்கு."

நான் பொய் சொல்லி அவர் கண்டதில்லை. அதனால் மறுபடி கேட்கவில்லை. ஜன்னலோரம் போய், ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சக்கரத்தைப் பார்த்தார். அப்புறம் மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"வெளையாட்டு பிளேன்தானே, விடுங்கலா," என்றார் அம்மா.

"நேரா போட்டேன்னுதான் நெனச்சேன்," என்றார் அப்பா. அவர் முகம் வெளுத்திருந்தது. "அங்கயும் அப்படித்தானே நெனச்சு சைன் பண்றேன்?"

தப்பித்துவிட்டேன் என்று எனக்கு உடம்பெல்லாம் லேசானது. மத்தியானம் இரண்டு தட்டு மீ கோரிங் நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

மறுநாள் விடுப்பு எடுத்துக் கண் மருத்துவரிடம் போனார். குறை எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லியும் அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. இனி சக்கரங்களுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தாமே எழுதிக்கொடுத்து, பொருள் கிடங்குக்கு மாறிக்கொண்டார்.

அப்பா அந்தச் செய்தியைச் சொன்ன அன்று அம்மா சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றார். கிடங்கில் ஐந்து மணிக்கே வேலை முடிந்துவிடும். அப்பா இனிமேல் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று பள்ளியில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.