ஒரே அக்கா, மூன்று பெயர்கள்

என் அக்காவின் உழைப்பை அவரிடமிருந்து பறித்தவர் அவருடைய துறைத்தலைவர். அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு அவரும் வருகிறார். இந்த நினைவு மலர் அவர் கைக்கும் போகும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருநெல்வேலியில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்ததும் குடும்பம் கல்கத்தா வந்தது. டாலிகஞ்சில் இரண்டு அறை வீடு. அக்கா படித்தார். எனக்குப் படிப்பு ஏறவில்லை, கரியாஹாட்டில் மளிகைக் கடை வைத்தேன். மூளை ஸ்கேன் படத்தில் கட்டி எங்கே முடிகிறது என்று கணினியே கோடு போட்டுக் காட்ட அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்காவின் துறைக்கே ஒரு கணினிதான். தம் முறை வரும்வரை சுவரோரம் நின்றே கணக்குப் போட்டவர். சமையல் வராது. பிடிவாதக்காரர். எதையும் யாரிடமும் இரண்டாம் முறை கேட்க மாட்டார். அதுதான் அவரைக் கெடுத்தது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த அன்று வங்காளி குமாஸ்தா, "டைட்டில் கீ, தீதி?" என்று கேட்டிருக்கிறார். டைட்டில் என்ன அக்கா என்கிறார்; இங்கே டைட்டில் என்றால் குடும்பப் பெயர். அக்கா அப்பா பெயரைச் சொன்னார். முதல் கட்டுரைகள் அப்பா பெயரில் அச்சாயின. கல்யாணத்துக்குப் பின் அலுவலகம் அத்தான் பெயரைச் சேர்த்தது, அடுத்தவை அப்படி வந்தன. சில வெளிநாட்டுப் பத்திரிகைகள் அக்காவின் சொந்தப் பெயரையே குடும்பப் பெயராக்கின. யாருடைய கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணும் பட்டியலில் அக்கா மூன்று ஆட்களாகிவிட்டார். அதிகம் பேர் மேற்கோள் காட்டியது அப்பா பெயரில் வந்ததைத்தான். பாராட்டி வந்த ஒரு கடிதத்தில் 'மிஸ்டர்' என்று அப்பா பெயர் இருந்தது. அப்பா கணினியைக் கண்ணால் பார்க்காமலே போனவர்.

குமாஸ்தாவை நான் குறை சொல்லவில்லை. துறைத்தலைவர் தமிழர். அவருக்கும் இனிஷியல் உண்டு. மூன்று வகைக் கட்டுரைகளிலும் அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது.

பேராசிரியர் பதவிக்குத் தேர்வு வந்தது. அக்காவை ஸ்கூட்டரில் அவரிடம் கூட்டிப்போனேன்.

"மூணு பேரும் நான்தான்னு ஒரு லெட்டர் குடுத்தாப் போதும், சார்."

"ரேஷன் கார்டுல எத்தனை பேருக்கு அரிசி வாங்குறம்மா?" என்று சிரித்தார். "நான் தேர்வுக் குழுவுல இருக்கேன். இப்ப எழுதிக் குடுத்தா வேண்டியவளுக்குச் செஞ்சேன்னு சொல்லுவாங்க."

நான் சும்மா இருக்கவில்லை. "மூணுலயும் உங்க பேரு இருக்கே சார், அத மட்டும் எப்படி எண்ணுறீங்க?"

"கடைக்காரருக்கு இதெல்லாம் புரியாது."

வெளியே வந்ததும் அக்கா என் மேல் பாய்ந்தார். "ஏல, ஒன்ன யாரு பேசச் சொன்னா?" ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

குழு அத்தான் பெயரில் இருந்த கட்டுரைகளை மட்டும் எண்ணியது. மற்றவை யாருடையவை என்று துறைத்தலைவரைக் கேட்டிருக்கிறார்கள். "சரிபார்க்கணும்" என்றாராம். ஏதோ நியாயமாக நடந்துகொண்டவர் போல அதை அவரே அக்காவிடம் சொன்னார். பதவி வேறொருவருக்குப் போனது. அதன்பின் இவர் இயக்குநரானார். அவருடைய பட்டியலில் எல்லாக் கட்டுரைகளும் இருந்தன. அங்கே எதையும் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா கடைசிவரை பேராசிரியருக்கு ஒரு படி கீழே, ரீடர்தான். சிறுநீரகம் கெட்டு இறந்தார். சுடுகாட்டில் இவர், "கூடப் பொறந்த தங்கச்சி மாதிரி" என்று கண்ணைத் துடைத்தார். உறவினர்களே, பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று நீங்கள் ஓடிப்போய் நாற்காலி போட்டீர்கள். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உங்களில் எத்தனை பேர் வந்தீர்கள்?

டயாலிசிஸுக்கு ஒரு நாள் தவறாமல் கூட வந்த எதிர்வீட்டு பௌதிக்கு, அந்த வங்காளி அண்ணிக்கு, நன்றி. கேட்காமலே ரத்தம் கொடுத்த ஸ்கேன் அறை ஊழியர்களுக்கு நன்றி. வேறு யாருக்கும் சொல்வதற்கில்லை.

சார், திதிச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் கூடத்தில் இருப்போம். அக்காவின் மகளும் இருப்பாள். எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: எங்கள் அப்பா பெயரில் அச்சான அந்தக் கட்டுரைகளை உங்களோடு உட்கார்ந்து எழுதியது யார்?