வியாழக்கிழமைக் கிளி

தமிழில் எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவது வரைதான் படித்தேன், அதுவும் தளேகாவ் என்ற ஊரில் மராத்திப் பள்ளியில். வீட்டில் தமிழ் பேசினோம். எழுத்தை யாரும் சொல்லித்தரவில்லை. வாசிக்கக் கற்றுக்கொண்டபோது எனக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் சொல்ல வாய் வராததை எழுதியாவது தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவர் திருநெல்வேலிக்காரர். ஆகுர்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவருடைய அக்கா மாதம் ஒரு இன்லண்டு கடிதம் எழுதுவார். மடிக்கிற ஓரத்தையும் விடாமல் நுணுக்கி நிரப்பியிருப்பார். இவர் எனக்கு வாசித்துக் காட்டுவது மூன்றே வரி.

"எல்லாரும் சொகமா இருக்காவளாம். மழையே இல்லியாம். ஒன்னயும் கேட்டிருக்கா."

"இவ்வளவு எழுதியிருக்காங்க, அவ்வளவுதானா?"

"மீதிலாம் ஊர்க்கத. ஒனக்கு வெளங்காது."

மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஆனால் வாசிக்கும்போது பாதியில் ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். ஒவ்வொரு மாதமும் பார்ப்பார். அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி வாகட்டில் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து, தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்காக விளையாட்டுப் போல ஒரு வெப்சைட் செய்துகொண்டிருந்தார்கள். படிக்க வருகிறவர்கள் பாதியில் ஓடிவிடக் கூடாது என்பதுதான் அவர்களுடைய கவலை. உட்கார்ந்து அழுத்திப் பார்க்க நிஜமாகவே தெரியாத ஆள் ஒன்று வேண்டுமாம். பொங்கல் விழாவில் என் கணவர், "எங்க வீட்லயே இருக்கு" என்று என்னைக் காட்டிவிட்டார். பாத்திரத்தை இரவல் கொடுப்பது போல.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கோயமுத்தூர்த் தம்பி ஒருவர்தான் தலைவர். முதல் கூட்டத்தில், "அக்கா, பாடம் முடிச்சா உங்களுக்கு என்ன குடுத்தா புடிக்கும்ங்க? ஸ்டாரா, கிரீடமா, ஒரு கிளியா?" என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கடைசியாகக் காதில் விழுந்தது கிளி. கிளி என்றேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

கிளி வந்தது. ஒரு நாள் பாடம் முடித்தால் அதற்கு ஒரு பழம். விடாமல் ஏழு நாள் ஏழு பழம் தின்றால் இரண்டாம் படி திறக்கும். இரண்டாம் படியில் கையால் எழுதிய கடிதங்களை வாசிக்கப் பழக்குவார்கள். எனக்கு வேண்டியது அதுதான். நடுவில் ஒரு நாள் தவறினால் பழமெல்லாம் மறைந்துவிடும். கிளி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. தெருமுனை சைபர் கஃபேயில் மாலையில் அரை மணி நேரம். கடைக்காரர், "யா வஹினி" என்று ஓர அறையைக் காட்டுவார். வாங்க அண்ணி என்று அர்த்தம். அவர் மரியாதை எல்லாம் சரிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் வியாழக்கிழமை கரண்ட் கிடையாது. தொழிற்சாலைகளுக்கும் அன்றுதான் வார விடுமுறை. கடைக்காரரும் ஷட்டரை இறக்கிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்.

காலண்டரைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஏழு நாளில் ஒரு வியாழன் வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஆரம்பிப்பேன். புதன்கிழமை ஆறு பழம். அடுத்த வெள்ளிக்கிழமை போனால் கிளியின் முதுகு. ஒரு வியாழன் பக்கத்து நிகடி வரை நடந்து பார்த்தேன். அங்கேயும் ஷட்டர்தான். நாலு மாதம் அ, ஆ, இ, ஈ. தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். 'உங்களைக் காணாமல் கிளி வாடுகிறது' என்று வாராவாரம் இங்கிலீஷில் மெயில் வேறு.

"ஏளா, ஒன் கிளி இன்னும் மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத்தான் இருக்கா?" என்று இவர் சிரிப்பார். சட்டைப்பையில் கடிதம் இருக்கும்.

கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதல் மாதம், தப்பு என் மேல்தான் என்று நினைத்தேன். இரண்டாம் மாதம் சொல்ல வாயெடுத்தேன், யாரோ டீ கொண்டுவந்தார்கள். அதன்பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயம்.

அதற்குள் வேறு பலரும் படிக்கச் சேர்ந்திருந்தார்கள். ஐந்தாம் கூட்டத்தில் அந்தப் பிள்ளைகளில் சென்னைப் பெண் ஒருத்தி சுவரில் படம் போட்டுக் காட்டினாள். தலைப்பை அவளே வாசித்தாள், 'ஏன் விட்டுவிடுகிறார்கள்?'

"வாகட் ஆளுங்க எல்லாம் செகண்ட் லெவல் போயிட்டாங்க. ஆகுர்டில இருந்து ஒருத்தர் கூட ஏழாவது நாளத் தொடல. நம்ம ஆன்ட்டியவே பாருங்க, கரெக்டா புதன்கிழமையோட நிறுத்திடறாங்க. வார நடுவுல ஒரு சலிப்பு வருது. மோட்டிவேஷன் பத்தல."

"கிளிய அழ வெச்சா?" என்றார் தம்பி.

"அழட்டும். சவுண்டோட."

அந்தக் கிளி சத்தம் போட்டு அழுவதை ஓர அறையில் உட்கார்ந்து நான் கேட்க வேண்டும். கடை முழுவதும் கேட்கும். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது.

"வியாழக்கிழமை கரண்ட் இல்ல. கடையும் பந்த்."

"எந்த வியாழக்கிழமைக்கா?"

"எல்லா வியாழக்கிழமையும்."

"எப்பலேர்ந்து?"

"நான் கல்யாணமாகி ஆகுர்டி வந்த நாள்லேர்ந்து."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கட்டடத்தில் ஜெனரேட்டர் இருந்தது. லிஃப்ட் கூட நின்றதில்லை. "ஏன் ஆன்ட்டி இவ்ளோ நாள் சொல்லல?" என்றாள் அந்தப் பெண். நான் பயந்த அதே கேள்வி. டீக்கு வைத்திருந்த பாகர்வடி ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தேன்.

தம்பி அங்கேயே உட்கார்ந்து மாற்றினார். இனி வியாழக்கிழமை கணக்கில் சேராது. தவறினாலும் கிளி கோபித்துக்கொள்ளாது.

"இப்ப ரெண்டாவது படி திறக்குமா?" என்றேன். ஒரே நாளில் இரண்டு முறை பேசிவிட்டேன்.

"ரூல் மாத்துனதால எல்லாத்துக்கும் மொதல்லேர்ந்துங்க்கா. உங்களுக்கு மட்டும் திறந்துவிட்டா டேட்டா கெட்டுப்போயிருங்க."

மறுநாள் திங்கட்கிழமை. மாலையில் கடைக்குப் போனேன். அ, ஆ, இ, ஈ அழுத்தினேன். ஒரு பழம் வந்தது.