வெட்டிப்போட்ட காசு

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் சாமியே இல்லாத சாமி அறை ஒன்று இருக்கிறது. ஹாலந்துக்காரர்கள் அதை ‘ஸ்டில்ட்டெரௌம்ட்டெ’ என்கிறார்கள், அமைதியாக உட்காரும் அறை. நாலு நாற்காலி, ஒரு ஜன்னல், பேட்டரியில் எரியும் மெழுகுவர்த்தி. எந்த மதத்துக்காரர் வந்தாலும் மனசு நோகக் கூடாதாம், அதனால் சுவரில் ஒரு படம்கூடக் கிடையாது. பதினோரு நாளாக அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற சைக்கிள்களைப் பார்த்துக் கும்பிட்டேன். சிரிக்காதீர்கள். என் ஏழு வயசுப் பெண் யாழினிக்குக் கழுத்தில் கட்டி. அதில் துளி சதை வெட்டி லேபுக்கு அனுப்பினார்கள். முதல் தடவை தெளிவாக வரவில்லை, மறுபடி பார்க்கிறோம் என்றார்கள். ரிசல்ட் வரும்வரை எனக்குச் சைக்கிளும் சாமிதான்.

டாக்டரம்மா நல்லவள்தான். “இது யாருடைய தப்பும் இல்லை, பெஹ்,” என்றாள். ‘பெஹ்’ என்றால் துரதிர்ஷ்டம். இந்த ஊரில் பஸ் போய்விட்டாலும் பெஹ், பிள்ளைக்குக் கட்டி வந்தாலும் பெஹ். சொல்லிவிட்டு நிம்மதியாகக் காப்பி குடிப்பார்கள். எனக்கு அது முடியவில்லை. “பெற்றவள் எப்போதோ செய்தது பிள்ளைக்கு வருமா?” என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. “கர்ப்பமாக இருந்தபோது சிகரெட் பிடித்தீர்களா? குடித்தீர்களா?” ஐயோ கடவுளே! ஜரிகை திருடினேன் என்பதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பாள்? இல்லை, இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

உங்களிடம் சொல்லிவிடுகிறேன். பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடியது. பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், நெய்து கொடுப்பது எங்கள் வேலை. சென்னைக் கம்பெனி ஒன்று வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்தது, பாஸ்போர்ட் இருந்தால்தான் பேரையே எழுதுவார்கள். பொட்டப்புள்ளைக்கு எதுக்கு அதெல்லாம் என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அலமாரியில் இருந்த ஜரிகைக் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை விற்றுப் பாஸ்போர்ட்டுக்குப் பணம் கட்ட வேலூர் பஸ் ஏறினேன். கண்ணமங்கலம் தாண்டும்வரை யாராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தாண்டியதும் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன், அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. நான் இந்த நாட்டில் நிற்பதே அந்த ஜரிகையின் மேல்தான்.

கட்டு காணோம் என்றதும் முதலாளி மூன்று மாதம் எங்களுக்கு வேலையே தரவில்லை. அம்மா யாரோடும் சண்டை போடவில்லை. தெருக்கோடி அம்மன் கோயிலுக்குப் போய், கல்லில் காசை வைத்து உளியால் இரண்டாக வெட்டிப் போட்டாள். எங்கள் பக்கத்தில் அது சாமியிடம் கேஸ் போடுவது மாதிரி. எடுத்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் அம்மன் பார்த்துக்கொள்வாள், எடுத்தவர் குடும்பம் விளங்காது. கேஸை வாபஸ் வாங்க வேண்டுமென்றால் வெட்டியவரும் எடுத்தவரும் சேர்ந்து போய் நிற்க வேண்டும். அம்மா காசு வெட்டியபோது நான் பக்கத்தில் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வீட்டில் தார்க்குச்சியில் பட்டு நூல் சுற்ற வந்துகொண்டிருந்த வசந்தாக்கா மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. அம்மா அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றாள், பிறகு தெருவே அவளைக் கூப்பிடுவதை நிறுத்தியது. அடுத்த வருஷம் அவள் புருஷன் லாரி மோதிச் செத்துப்போனான். “பாத்தியாடி, அம்மன் கண்ண மூடிகினு இல்ல,” என்றாள் அம்மா. அதற்குள் எனக்கு விசா வந்திருந்தது, அப்பாவும் வழிக்கு வந்திருந்தார். நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை.

யாழினிக்குக் கட்டி என்றதிலிருந்து அம்மா தினமும் போனில் ஒரே பாட்டு. “நாம யாருக்கு இன்னா கெடுதல் பண்ணோம்? தப்பு பண்ணவங்களத்தான் அம்மன் கேப்பா. கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது, தெகிரியமா இரு.” அவள் தைரியம் சொல்லச் சொல்ல எனக்குப் பயம்தான் கூடியது. கட்டி எனக்கு வந்திருந்தால் தண்டனை என்று ஏற்றுக்கொண்டிருப்பேன். பாலாடைக்கட்டியும் ஸ்ட்ராபெர்ரியும் தின்று வளர்கிற இந்தப் பிள்ளைக்கு ஆரணி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நேற்று தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். “அம்மா, ஜரிகைய எடுத்தது நான்தான். காச வெட்டினியே, அது நம்ம பாப்பா மேல வந்து வுழுந்துடுச்சி. எப்படியாவது வாபஸ் வாங்கும்மா.”

திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது இதுதான்:

“அப்போ வசந்தா வூட்டுக்காரன் எதுக்குடி செத்தான்?”

இத்தனை வருஷமாக அதற்குப் பதில் தெரியும் என்று நம்பி விளக்கேற்றியவள் என் அம்மா. அவன் சாவு தீர்ப்பில்லை என்றால் என் பிள்ளையின் கட்டியும் தீர்ப்பாக இருக்காது என்று ஒரு நிமிஷம் மனசு லேசானது. உடனே வெட்கம் பிடுங்கித் தின்றது. எனக்கு நிம்மதி கிடைக்க அந்த மனுஷன் காரணமே இல்லாமல் செத்திருக்க வேண்டும், பாருங்கள். சாமி நியாயம் பார்க்கிறது என்றாலும் பயம், பார்க்கவில்லை என்றாலும் பயம். அப்பா காலமாகி ஐந்து வருஷம், அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. கோயிலுக்கு எப்போது போவாய் என்று கேட்டேன். “அம்மன்கிட்ட போறதுக்கு மின்னாடி போவ வேண்டிய எடம் ஒண்ணு கீது,” என்று போனை வைத்தாள்.

இன்று காலை பத்து மணிக்கு ரிசல்ட் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். என் கணவர் யாழினியோடு விளையாட்டு மூலையில் இருந்தார், நான் நடையில் நின்றேன். அம்மா வீடியோவில் வந்தாள். வெயிலில் நடந்துகொண்டே இருந்தாள், படம் ஆடியது. பெயின்ட் உரிந்த ஒரு கதவைத் தட்டினாள். திறந்தது வசந்தாக்கா, முடியெல்லாம் நரைத்திருந்தது. பேச்சுவார்த்தை விட்டுப்போன இத்தனை வருஷத்துக்குப் பிறகு வாசலில் நிற்கிறவளைப் பார்த்து, கதவை இன்னும் அகலத் திறந்தாள். அம்மா போனை மட்டும் அவள் முன்னால் நீட்டினாள்.

“யாரு, கோமதியா?” வசந்தாக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “பாப்பாவுக்கு ஒடம்பு முடியலன்னு ரேஷன் கடையில பேசிகினு இருந்தாங்க. செவ்வாக்கிழம செவ்வாக்கிழம அம்மனுக்கு வெளக்கு போட்டுகினு வரேன்டி. எப்படி கீறா இப்போ?”

அந்த நேரத்தில்தான் டாக்டரின் அறைக் கதவு திறந்தது. நர்ஸ் என் பேரை வழக்கம்போல் கடித்துத் துப்பிக் கூப்பிட்டாள். “ஒரு நிமிஷம்மா,” என்றேன். தமிழில்தான் வந்தது. அவளுக்கு என்ன புரிந்ததோ, கதவைப் பிடித்தபடி நின்றாள்.

“அக்கா,” என்றேன் போனைப் பார்த்து, “அந்த ஜரிகைய நான்தான் எடுத்தேன்.”

இரண்டு கதவும் திறந்தே இருந்தன.