கடலுக்குள் தெம்பனிஸ்

எங்கள் வரைபடத் தளத்தில் எதையும் டவுன்லோட் செய்து திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அங்கேயே நகர்த்தி, பெரிதாக்கிப் பார்க்கிற ‘பிரிவியூ’ வசதியை நான் செய்து முடித்தேன்.

அது தேவையா இல்லையா என்று முடிவு செய்ய இன்று மீட்டிங்.

“வேணுங்கிறவங்க டவுன்லோட் பண்ணிப் பாத்துக்குவாங்க லா,” என்றார் மேலதிகாரி சேவியர். சோதித்துப் பார்க்க, எப்போதோ தானே ஏற்றிய எழுபதுகளின் தெம்பனிஸ் வட்டார வரைபடத்தைத் தட்டினார்.

கம்பத்துக் கிராம வீடுகள், கோழிப்பண்ணை, மண் சாலை எல்லாவற்றோடும் தெம்பனிஸ் நடுக்கடலில் போய் உட்கார்ந்தது.

“பாத்தீங்களா? உங்க பிரிவியூ சரியில்ல.”

“பிரிவியூ சரிதான் சார். நீங்க ஏத்துன நாள்லேர்ந்து அது கடல்லதான் இருக்கு. இப்பதான் கண்ணுக்குத் தெரியுது.”

அந்தக் காலத்து நில அளவை எண்களை இன்றைய முறைக்கு மாற்றாமலே ஏற்றியிருக்கிறார்; அதனால்தான் இடம் தள்ளிப்போயிருக்கிறது. வரைபடத்தைச் சட்டென்று மூடினார்.

“சரி, நாளைக்கே லைவ் பண்ணிடுங்க.”

‘தெம்பனிஸைக் காணோம்’ என்று எங்களுக்கு எழுதி, ‘உங்கள் மென்பொருளைச் சரிபாருங்கள்’ என்று பதில் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் கை தூக்குங்கள். தேக்கா சந்தையில் ஆளுக்கொரு தே தாரிக் டீ, சேவியர் செலவில்.

அவரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.